கடலுக்குள் வேலி: நோர்வேயின் சல்மனும் வடக்கின் கடலட்டையும்

வல்வெட்டித்துறையில் இருந்து கரையோர வீதியால் மேற்கே போனால், ஊரிக்காட்டைத் தாண்டியதும் தொண்டைமானாறு வரும். வடமராட்சியின் கடல்நீரேரி அங்கேதான் பெருங்கடலைச் சந்திக்கிறது. கடல்நீரேரித் தொழிலை அறிந்தவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். இறால் ஆழக்கடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் நீரோட்டத்தோடு கரைக்கு வந்து, கடல்நீரேரிக்குள் புகுந்து, கடற்புல்லுக்கும் கண்டல் வேர்களுக்கும் இடையில் வளரும். வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குப் போகும். இறால் மட்டுமல்ல. ஓரா, நண்டு, திரளி என்று எமது வலைகளில் ஏறும் பல இனங்கள் தமது சிறுபருவத்தை ஆழமில்லாத நீரில்தான் கழிக்கின்றன.

வடக்கின் கடல்நீரேரிகளிலும் குடாக்களிலும் கடந்த சில ஆண்டுகளாகப் பெருகிவரும் கடலட்டைப் பண்ணைகளைப் பற்றிப் பேசும்போது, "அது பூநகரிப் பக்கத்துப் பிரச்சினை, தீவுப்பகுதிப் பிரச்சினை" என்று வடமராட்சிக் கரையில் இருப்பவர்கள் ஒதுங்கிவிட முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். வல்வெட்டித்துறைக் கடல் ஆழமும் அலையும் உள்ளது. அட்டைப் பண்ணைக்கு வேண்டியது அமைதியான, இடுப்பளவு, நெஞ்சளவு நீர். ஆகவே பண்ணை எமது முற்றத்துக்கு வராமல் இருக்கலாம். ஆனால் கடல்நீரேரியில் எது வளர்கிறது, எது வளராமல் போகிறது என்பது பின்னர் எமது வலையில்தான் தெரியவரும்.

பண்ணை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் பல ஊர்களில் நடந்துவிட்டது. அதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. கடலுக்குள் வேலி போட்டு ஓர் உயிரினத்தை வளர்க்கும்போது, வேலிக்கு வெளியே இயற்கையாக வாழும் உயிரினங்களுக்கு என்ன நடக்கிறது? அவற்றை எப்படிக் காப்பது?

நோர்வேயில் நடந்தது

இந்தக் கேள்விக்கு மிக நீண்ட அனுபவம் உள்ள நாடு நோர்வே. எம்மவருக்கு அந்த நாடு புதிதல்ல. காரைநகரில் சீநோர் படகுத் தளம் நோர்வேயின் உதவியுடன்தான் உருவானது. 1980களில் போருக்குத் தப்பிப் போன தமிழர்களில் பலர் நோர்வேயின் வடமுனையான பின்மார்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

நோர்வேயின் மீன் என்றால் சல்மன். எமது ஊர்க் கடைகளில் ரின் மீனைச் "சமன்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ரின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் கும்பிளா இன மீன். உண்மையான சல்மன் குளிர்நாட்டு மீன். அது ஆற்றில் பிறந்து, சிறு மீனாகக் கடலுக்கு இறங்கி, அங்கே பெருத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். நோர்வேயின் ஆறுகள் ஃபியோர்ட் எனப்படும் நீண்ட கடற்குடாக்களில் விழுகின்றன. சல்மன் போகும் வழியும் திரும்பி வரும் வழியும் அந்தக் குடாதான்.

1970 இல் ஹித்ரா என்ற தீவில் மிதக்கும் வலைக்கூட்டில் சல்மனை வளர்க்கும் முயற்சி வெற்றி பெற்றது. அன்று அது சிறு குடும்பத் தொழில். இன்று நோர்வே ஆண்டுக்கு 15 இலட்சம் தொன்னுக்கு மேல் வளர்ப்புச் சல்மனை உற்பத்தி செய்கிறது. ஒரு கூட்டில் 2,00,000 மீன்கள் வரை வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கூடுகள் நிற்பது இயற்கைச் சல்மன் போய்வரும் அதே குடாக்களில்.

இதில் இயற்கை மீனுக்கு வரும் பாதிப்புகளில் இரண்டு முக்கியமானவை.

முதலாவது பேன். சல்மனின் தோலை அரித்து உண்ணும் ஒருவகைக் கடற்பேன் இயற்கையிலேயே உண்டு. முன்னர் குளிர்காலத்தில் குடாக்களுக்குள் சல்மன் அதிகம் இருக்காது. ஒட்டி வாழ உடல் கிடைக்காததால் பேனும் குறைந்துவிடும். வலைக்கூடுகள் வந்தபின் ஆண்டு முழுவதும் இலட்சக்கணக்கான மீன்கள் ஒரே இடத்தில் நிற்கின்றன. பேன் அங்கே பெருகுகிறது. வசந்தகாலத்தில் ஆற்றில் இருந்து இறங்கும் சிறு மீன்கள் அந்தக் கூடுகளைக் கடந்துதான் கடலுக்குப் போகவேண்டும். பெரிய மீன் தாங்கும் பேன்களின் தொகை, விரல் நீள மீனைக் கொன்றுவிடும்.

இரண்டாவது தப்பிச் செல்லும் மீன். புயலில் வலை கிழியும், தூண் சரியும். வளர்ப்புச் சல்மன் பல தலைமுறைகளாக விரைவில் பெருக்கவேண்டும் என்பதற்காகத் தெரிவு செய்யப்பட்டது. கூட்டுக்குள் அது நல்ல மீன். ஆற்றில் அது பிழைக்கத் தெரியாத மீன். தப்பியவை ஆற்றுக்குள் ஏறி இயற்கை மீனோடு இனம் கலந்தால், பிறக்கும் குஞ்சுகளின் பிழைக்கும் திறன் குறைகிறது. நோர்வேயில் ஆராயப்பட்ட சல்மன் ஆறுகளில் பெரும்பாலானவற்றில் இந்தக் கலப்பின் அடையாளம் காணப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2017 ஓகஸ்டில் ஒரே ஒரு பண்ணை சரிந்து இரண்டரை இலட்சம் அளவிலான மீன்கள் கடலுக்குள் போயின. அதற்கு அடுத்த ஆண்டே, வேற்றின மீனைக் கூட்டில் வளர்ப்பதைப் படிப்படியாக நிறுத்தும் சட்டத்தை அந்த மாநிலம் கொண்டுவந்தது.

நோர்வே கைகட்டி இருக்கவில்லை. 2003 இலும் 2007 இலும் 52 ஆறுகளையும் 29 குடாக்களையும் "தேசிய சல்மன்" ஆறுகள், குடாக்கள் என்று அறிவித்தது. அந்தக் குடாக்களில் புதிய சல்மன் பண்ணைக்கு இடமில்லை. வளர்ப்பு மீன் ஒன்றுக்குச் சராசரியாக அரைப் பேனுக்கு மேல் இருக்கக்கூடாது, சிறு மீன்கள் இறங்கும் வசந்தகாலத்தில் இந்த அளவு இன்னும் குறைவு என்று விதி வைத்தது. 2017 இல் கரையோரம் முழுவதையும் 13 வலயங்களாகப் பிரித்து, வீதிச் சமிக்ஞை விளக்குப் போல நிறம் கொடுத்தது. இயற்கை மீனுக்குப் பாதிப்புக் குறைந்த வலயம் பச்சை. அங்கே உற்பத்தியைக் கூட்டலாம். மஞ்சள் என்றால் இருந்தபடியே இருக்கவேண்டும். சிவப்பு என்றால் உற்பத்தியைக் குறைக்கவேண்டும்.

அப்படியிருந்தும் 2021 இல் இயற்கைச் சல்மன் நோர்வேயின் சிவப்புப் பட்டியலில் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜூனில், திரும்பி வந்த மீன்களின் தொகை மிகவும் குறைந்ததால், 33 ஆறுகளில் நடுப்பருவத்திலேயே சல்மன் பிடிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. கடல் வெப்பமடைவதும் இதற்கு ஒரு காரணம். பண்ணை மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் வெப்பத்தால் நலிந்த மீனின் மேல் பேனும் கலப்பும் ஏற்றப்பட்ட சுமை.

இந்த ஆண்டுகளின் வரிசையைக் கவனிக்கவேண்டும். பண்ணை 1970 இல் வந்தது. இயற்கை மீனுக்கான ஒதுக்கிடம் 2003 இல் வந்தது. வலயக் கட்டுப்பாடு 2017 இல் வந்தது. பணமும் தொழிலாளர்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த தொழிலாக அது மாறிய பின்னர் விதிகள் வந்தன. அதனால்தான் அவற்றை இறுக்குவது கடினமாக இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், திறந்த வலைக்கூடுகளில் சல்மன் வளர்ப்பதை 2029 ஜூன் 30 உடன் நிறுத்துவதாக மத்திய அரசு 2024 ஜூனில் அறிவித்தது. அங்கே முதற்குடி மக்களே இந்த விடயத்தில் இரண்டுபட்டு நிற்கிறார்கள். ஆற்று மீனை நம்பி வாழும் சமூகங்கள் பண்ணையை எதிர்க்கின்றன. பண்ணையில் வேலையும் பங்கும் பெற்ற சமூகங்கள் அதை ஆதரிக்கின்றன. எமது கரையோரக் கிராமங்களில் இன்று நடப்பதை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தெரியாது.

எமது நீரில் கடலட்டை

கடலட்டை சல்மன் அல்ல. இந்த வேறுபாட்டை முதலில் நேர்மையாகச் சொல்லவேண்டும். சல்மனுக்கு உணவு போடவேண்டும். மிஞ்சும் உணவும் கழிவும் கூட்டின் அடியில் படியும். கடலட்டைக்கு உணவு போடுவதில்லை. அது அடிமண்ணை விழுங்கி, அதிலுள்ள அழுகிய பொருளைச் சமித்து, மண்ணைச் சுத்தமாக வெளியே விடும். தோட்டத்துக்கு மண்புழு போல, கடலின் அடித்தளத்துக்கு அட்டை. இங்கே வளர்க்கப்படுவது இந்தக் கடலுக்கே உரிய வெள்ளை அட்டை. ஆகவே அட்டைப் பண்ணை என்றாலே நஞ்சு என்று சொல்வது சரியல்ல. சரியாகச் செய்தால் இயற்கை வளத்துக்கு உதவவும் கூடும். வேலிக்குள் முதிர்ந்த அட்டைகள் இருந்தால் அவை விடும் முட்டைகள் வெளியே பரவும்.

சிக்கல் அட்டையில் இல்லை. பண்ணையை எங்கே, எத்தனை, எப்படி அமைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் இடம். வெள்ளை அட்டையின் சிறு குஞ்சு கடற்புல்லின் இலையில் ஒட்டித்தான் தன் வாழ்க்கையைத் தொடங்குகிறது. ஆகவே பண்ணைக்கு நல்ல இடம் என்று தெரிவு செய்யப்படுவது பெரும்பாலும் கடற்புல் உள்ள, அல்லது அதற்கு அருகிலுள்ள மணற்சேற்று நிலம். இறாலும் ஓராவும் நண்டும் வளரும் இடமும் அதுவே. அங்கே கம்பு நட்டு, வலை சுற்றி, ஆட்கள் நாளாந்தம் நடந்து திரிந்தால் கடற்புல் மிதிபடும். வேலி நெருக்கமாக நின்றால் நீரோட்டம் தளரும், சேறு படியும். சிறு கண் வலை மீன்குஞ்சின் பாதையை மறிக்கும். வேலிக்கான கம்புகளைக் கண்டல் காட்டில் வெட்டினால் பாதிப்பு இரட்டிப்பாகும்.

இரண்டாவது குஞ்சு. குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் இருந்து போதிய குஞ்சு கிடைக்காதபோது, இயற்கைக் கடலில் உள்ள சிறு அட்டைகளைப் பிடித்து வேலிக்குள் விடும் வழக்கம் உண்டு. அப்படியானால் அது வளர்ப்பல்ல. இயற்கை வளத்தை முற்றாமலே அள்ளி ஓரிடத்தில் அடைத்து வைப்பது. அட்டையின் இனப்பெருக்கம் நெருக்கத்தை நம்பியது. ஆணும் பெண்ணும் தனித்தனியே முட்டையையும் விந்தையும் நீரில் விடும். அருகருகே போதிய அட்டைகள் இல்லையென்றால் அவை சந்திக்காது. ஐதாகிப்போன கடலில் மிஞ்சிய அட்டைகள் உயிரோடு இருந்தும் பெருகாது. எமக்கு எதிர்க்கரையில் இந்தியா 2001 இல் கடலட்டை பிடிப்பதை முற்றாகத் தடை செய்யும் அளவுக்குப் போனது.

மூன்றாவது மனிதர். இது போரால் பாதிக்கப்பட்ட எமது மண்ணில் தனிக் கனம் பெறுகிறது. ஆழமில்லாத கடல் என்பது படகில்லாதவர்களின் கடல். போரில் படகையும் இயந்திரத்தையும் இழந்தவர்கள், கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள், ஆழக்கடலுக்குப் போக உடல் இடம்கொடாதவர்கள், இவர்கள் நடந்து இறங்கி நண்டும் இறாலும் மட்டியும் எடுத்து அன்றாடம் அடுப்பெரிக்கும் இடம் அது. யாருக்கும் உறுதிக் காணி இல்லாத, எல்லாருக்கும் உரிய இடம். அங்கே ஒரு வேலி எழும்பும்போது, அதுவரை நடந்த பாதை ஒருவருடைய பண்ணையாகிறது. சிறகுவலைக்கும் கரைவலைக்கும் இடம் சுருங்குகிறது.

நாம் கண்ட ஆண்டுகள்

2018 இல் மருதங்கேணிப் பக்கத்தில், வெளிமாவட்டங்களில் இருந்து வந்து வாடி அமைத்து அட்டை பிடித்தவர்களுக்கு எதிராக வடமராட்சி கிழக்குக் கடற்றொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2021 நடுப்பகுதியில் பூநகரி கௌதாரிமுனையில் சீன நிறுவனம் ஒன்றின் பங்குடன் இயங்கிய பண்ணை, உரிய அனுமதி பெறப்படவில்லை என்ற குற்றச்சாட்டால் நாடறிந்த விவாதமானது. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 நடுப்பகுதியில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் ஏற்றுமதி நோக்கிலான கடலட்டை வளர்ப்புத் திட்டத்துக்கு அமைச்சரவை அனுமதி அளித்தது. அதே ஆண்டில் பூநகரி கிராஞ்சியில், பண்ணைகளால் தமது தொழிலும் பாதையும் பறிபோவதாகச் சொல்லிப் பெண்களும் ஆண்களும் தொடங்கிய போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது.

அரசு டொலரைப் பார்த்தது. பண்ணை பெற்றவர்கள், நீண்ட காலத்துக்குப் பின் கையில் வந்த ஒரு வருமானத்தைப் பார்த்தார்கள். அவர்களிலும் போரால் எல்லாம் இழந்தவர்கள் உண்டு. அவர்களைக் குற்றவாளிகளாக்குவதில் பயனில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பக்கம் எழுதப்படவே இல்லை. வேலிக்கு வெளியே உள்ள மீனின் கணக்கு.

இரண்டு பழைய பாடங்கள்

அந்தக் கணக்கை எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தொலைதூரம் போகத் தேவையில்லை.

வல்வெட்டித்துறைக்கு எதிரே கோடிக்கரை. அதை அடுத்த நாகப்பட்டினம் கரையோரத்தில் 1990களில் இறால் பண்ணைகள் பெருகின. வயலும் குடிநீரும் உவர்ப்பாகின. கடலுக்குப் போகும் பாதைகள் மறிபட்டன. சர்வோதயத் தொண்டர்களான எஸ். ஜெகந்நாதனும் அவரது துணைவியார் கிருஷ்ணம்மாளும் விவசாயக் கூலிகளையும் மீனவரையும் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசெம்பர் 11 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், கரையோர ஒழுங்குமுறை வலயத்துக்குள் அமைந்த இறால் பண்ணைகளை அகற்றவும், சில்கா, பழவேற்காடு ஏரிகளில் இருந்து 1,000 மீற்றருக்குள் உள்ளவற்றை மூடவும் உத்தரவிட்டது. மரபுவழி வளர்ப்புக்குத் தடை விதிக்கவில்லை. மாசுபடுத்தியவரே இழப்பீடு கொடுக்கவேண்டும் என்றும் சொன்னது. பின்னர் 2005 இல் வந்த சட்டம், பதிவு செய்த பண்ணைகளுக்கு மீண்டும் கதவைத் திறந்தது. தீர்ப்பு ஒன்றே போதாது, ஆண்டாண்டாகக் கண்காணிப்பவர்கள் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

இங்கே புத்தளத்தில் கதை வேறு விதமாக முடிந்தது. 1980களில் தொடங்கிய இறால் வளர்ப்புக்காகக் கண்டல் காடுகள் அழிந்தன. பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயில் இருந்தும் கடல்நீரேரியில் இருந்தும் நீரை எடுத்தன. கழிவு நீரையும் அவற்றுக்குள்ளேயே விட்டன. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒருவரின் குளத்து நோய் எல்லாருடைய குளத்துக்கும் போனது. தொழில் சரிந்து, பல குளங்கள் கைவிடப்பட்டன. அதன் பின்னர்தான் வலயம் வலயமாக, முறை வைத்து வளர்க்கும் நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. பண்ணையாளரையே காப்பாற்றியது கட்டுப்பாடுதான்.

என்ன கேட்கவேண்டும்?

இலங்கையில் சட்டம் இல்லாமல் இல்லை. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின்படி நீருயிரின வளர்ப்புக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கென 1998 இன் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, நெக்டா, இருக்கிறது. ஆய்வுக்கு நாரா இருக்கிறது. ஊருக்கு ஊர் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் சமாசமும் இருக்கின்றன. சங்கக் கூட்டத்தில், பிரதேச செயலகத்தில், பண்ணைக்கான விண்ணப்பம் பேசப்படும் ஒவ்வோர் இடத்திலும் கேட்கக்கூடிய சில கேள்விகள் இவை.

ஒன்று, இந்த இடத்தில் கடற்புல்லும் கண்டலும் எங்கே இருக்கின்றன? அந்த வரைபடம் தமிழில், அனுமதிக்கு முன்னர், சங்கத்தின் கைக்கு வந்ததா?

இரண்டு, இந்தக் கடல்நீரேரி முழுவதும் எத்தனை ஏக்கரைத் தாங்கும்? ஒவ்வொரு பண்ணையாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியதுதான். நோர்வே வலயம் வலயமாகப் பார்த்தது இதனால்தான்.

மூன்று, குஞ்சு எங்கே இருந்து வருகிறது? பொரிப்பு நிலையத்துக் குஞ்சு என்றால் தாய் அட்டைகள் எந்தக் கடலில் இருந்து, எத்தனை எடுக்கப்பட்டன? இயற்கைக் கடலில் பிடித்த சிறு அட்டையை வேலிக்குள் விடுவதில்லை என்று யார் உறுதி சொல்வது?

நான்கு, பண்ணைகளுக்கு இடையில் படகுக்கும் வலைக்கும் நடந்து தொழில் செய்பவருக்கும் எவ்வளவு அகலப் பாதை? மீன்குஞ்சு உள்ளே வரும் வாய்க்கால் வேலியின்றி விடப்படுமா?

ஐந்து, எந்தப் பகுதி எப்போதும் வேலியில்லாமல் விடப்படும்? நோர்வேயின் 29 குடாக்களைப் போல, பண்ணையும் இல்லாத, அட்டை பிடிப்பதும் இல்லாத ஒரு தாய்நிலம் ஒவ்வொரு கடல்நீரேரிக்கும் வேண்டும். இதை ஊரே பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு, பண்ணை கைவிடப்பட்டால் கம்பையும் வலையையும் யார் அகற்றுவது? அதற்கான பணம் முன்கூட்டியே வைப்பிலிடப்பட்டதா? நீருக்குள் விடப்பட்ட வலை ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஏழு, யார் எண்ணுகிறார்கள்? ஏற்றுமதியான அட்டையின் தொகை எண்ணப்படுகிறது. அதே நீரில் நண்டும் இறாலும் எவ்வளவு பிடிபடுகிறது என்பதையும் மாதாமாதம் எழுதி வைக்கவேண்டும். அரசு எழுதாவிட்டால் சங்கம் எழுதலாம். ஒரு கொப்பியும் பேனையும் போதும். ஐந்து ஆண்டுகள் கழித்து "மீன் குறைந்துவிட்டது" என்று சொல்லும்போது, அந்தக் கொப்பிதான் எமது சாட்சி.

இந்தியாவின் இழுவைப்படகுகள் அடிக்கடலை வழித்துச் செல்வதை எதிர்த்து வல்வெட்டித்துறை, பொலிகண்டி, பருத்தித்துறைத் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள். 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இலங்கைக் கடலில் இழுவைமடித் தொழிலைத் தடை செய்தது. அடித்தளம் அழிந்தால் மீன் இல்லை என்ற எமது வாதம் அந்தத் தடையில் இருக்கிறது. அதே வாதம் கடல்நீரேரிக்கும் பொருந்தும். வெளியாரின் மடிக்கு ஒரு நியாயம், எம்மவரின் வேலிக்கு இன்னொரு நியாயம் என்று வைத்தால், எமது குரல் இரண்டு இடத்திலும் எடுபடாது.

அடுத்த பண்ணை விண்ணப்பம் எங்கே வந்தாலும், அந்த ஊர்ச் சங்கத்தோடு சேர்ந்து வடமராட்சிச் சமாசங்களும் இந்தக் கேள்விகளைக் கேட்கவேண்டும். அந்த நீரில் வளரும் குஞ்சுகளில் ஒரு பங்கு எமது வலைக்கும் வரவேண்டியது.